எஸ்விஜி படங்களில் மவுஸ் கிளிக்கைத் தானியங்கியாகச் சோதிப்பது: முழுமையான வழிகாட்டி

எஸ்விஜியில் (கோடுகளையும் வடிவங்களையும் எழுத்துக் குறிப்புகளாக எழுதி வரையும் பட வகை) வரைந்த இந்திய வரைபடம் ஒன்று. 28 மாநிலங்கள், 8 ஒன்றியப் பகுதிகள், ஆக 36 வடிவங்கள். எதைக் கிளிக் செய்தாலும் வலப்பக்கம் ஒரு தகவல் பலகை திறந்து அந்தப் பகுதியின் விவரம் வர வேண்டும். நான் இருந்த ஒரு குழுவில் இதற்கு எழுதப்பட்டிருந்த டெஸ்ட், 36 வடிவங்களையும் வரிசையாகக் கிளிக் செய்யும், ஒவ்வொரு முறையும் பலகை திறந்ததா என்று பார்க்கும். பல மாதங்கள் அது பச்சையாகவே ஓடியது. ஒருநாள் பயனர் ஒருவர், புதுச்சேரியைத் திறக்கவே முடியவில்லை என்று எழுதினார். டெஸ்டைத் திரையில் ஓடவிட்டு உட்கார்ந்து பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. புதுச்சேரியைக் கிளிக் செய்வதாகப் பெயர் வைத்திருந்த அந்த டெஸ்ட், இத்தனை நாளும் ஆந்திராவைத்தான் கிளிக் செய்துகொண்டிருந்தது.

புதுச்சேரி ஒன்றியப் பகுதி நான்கு துண்டுகளால் ஆனது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுக் கரையோரம், மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திராவில் கோதாவரி கடலில் சேரும் பக்கம். நான்கையும் ஒரே பாத் எலிமென்டாக (எஸ்விஜியில் ஒரு வடிவத்தை வரையும் உறுப்பு) வரைந்திருந்தார்கள். நான்கையும் அடக்கி ஒரு செவ்வகம் போட்டால் அதன் நடுப்புள்ளி ஏறத்தாழ 13.8 பாகை வடக்கு, 78.9 பாகை கிழக்கில் விழும். அது ராயசோட்டி, மதனப்பள்ளி வட்டாரம், முழுக்க ஆந்திரா. தாத்ரா நகர் ஹவேலி மற்றும் தாமன் தியூவுக்கும் இதே கதிதான். தியூ மேற்கே தனியாக இருப்பதால் செவ்வகத்தின் நடு அரபிக் கடலில் விழுகிறது.

தானியங்கிக் கருவியிடம் ஓர் எலிமென்டைக் கிளிக் செய்யச் சொன்னால், அது கிளிக் செய்வது அந்தச் சுற்றுச் செவ்வகத்தின் நடுவை. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், எஸ்விஜி டெஸ்டுகளில் வரும் பாதிக்கு மேற்பட்ட குழப்பம் விளங்கிவிடும். மீதியைப் படிப்படியாகப் பார்ப்போம். உதாரணங்களுக்குப் பெரும்பாலும், பிரவுசரைத் தானாக இயக்கும் கருவிகளில் ஒன்றான பிளேரைட்டை எடுத்துக்கொள்கிறேன். அதே வகைக் கருவிகளான செலினியமும் சைப்ரஸும் வேறுபடும் இடங்களில் அவற்றையும் சொல்கிறேன்.

கருவிக்குள் என்ன நடக்கிறது

எச்டிஎம்எல் பட்டன் ஒரு செவ்வகம். அதன் நடு எப்போதும் அதற்குள்ளேயே இருக்கும், மேலே வேறெதுவும் மூடாத வரை கிளிக் சரியாக விழும். கருவிகள் இந்த நம்பிக்கையின் மேல்தான் கட்டப்பட்டிருக்கின்றன. செலினியம் பின்பற்றும் வெப்டிரைவர் என்ற வரையறை 2018 ஜூனில், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது. எலிமென்டின் செவ்வகத்தில் திரையில் தெரியும் பகுதியை எடுத்து, அதன் நடுப்புள்ளியைக் கணக்கிட்டு, அந்தப் புள்ளியில் மேலாக இருப்பது நாம் கேட்ட எலிமென்டோ அதன் உள்ளே இருக்கும் எலிமென்டோதானா என்று பார்க்கச் சொல்கிறது அந்த வரையறை. இல்லையென்றால் கிளிக் இடைமறிக்கப்பட்டது என்ற பிழை வரும். பிளேரைட்டும் கிட்டத்தட்ட இதையே செய்கிறது. ஆனால் உடனே பிழை தராமல், நிலைமை மாறுமா என்று திரும்பத் திரும்ப முயன்று பார்க்கும். முன்னிருப்பாக ஒரு டெஸ்டுக்கு 30 விநாடி என்பதால், அந்த நேரம் முழுக்கக் காத்திருந்துவிட்டுத்தான் தோற்கும்.

எங்கள் டெஸ்டும் முதலில் அப்படித் தோற்றிருக்கிறது. யாரோ அவசரத்தில் ஃபோர்ஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்துவிட்டார்கள். ஃபோர்ஸ் போட்டால் சரிபார்ப்பு நின்றுவிடும், ஆனால் கிளிக் விழும் இடம் மாறாது. அதே ராயசோட்டிப் பக்கம்தான். பலகை திறந்தது, ஆந்திராவின் பெயரோடு. டெஸ்டோ பலகை திறந்ததா என்று மட்டும் கேட்டது.

எனவே ஃபோர்ஸை எஸ்விஜி டெஸ்டுகளில் பயன்படுத்தவே வேண்டாம் என்பேன். நடுப்புள்ளி தவறிப்போனதால்தான் கருவி மறுத்தது என்றால், தீர்வு வேறு புள்ளியைக் கொடுப்பது. எந்தப் புள்ளியிலும் கிளிக் விழவில்லை என்றால், பயனருக்கும் விழாது. அது டெஸ்டின் கோளாறு இல்லை, நிரலில் இருக்கும் பிழை.

படி 1: படம் பக்கத்தில் எப்படி வந்திருக்கிறது என்று பாருங்கள்

எஸ்விஜி எச்டிஎம்எல்லுக்குள் நேரடியாக எழுதப்பட்டிருந்தால் எல்லாம் எளிது. இமேஜ் டேக் வழியாகவோ சிஎஸ்எஸ் பின்னணியாகவோ வந்திருந்தால் உள்ளே இருக்கும் வடிவங்களைத் தொடவே முடியாது. பிரவுசருக்கு அது வெறும் படம், கிளிக் முழுப் படத்துக்குத்தான் போகும். உள் வடிவங்களைச் சோதிக்க வேண்டுமானால் டெவலப்பரிடம் பேசி நேரடி எஸ்விஜியாக மாற்றச் சொல்ல வேண்டும்.

ஆப்ஜெக்ட் டேக் வழியாக வந்திருந்தால் உள்ளே தனி ஆவணம் ஒன்று இருக்கும். வெப்டிரைவர் வரையறைப்படி ஃப்ரேமும் ஐஃப்ரேமும் தவிர வேறெதற்குள்ளும் ஃப்ரேமாக மாறிப் போக முடியாது. அதனால் செலினியத்தில் இது சிரமம் தரும். இரண்டும் ஒரே தளத்திலிருந்து வந்தவை என்றால், ஸ்கிரிப்ட் வழியாக கான்டென்ட்-டாக்குமென்ட்டை எடுத்து உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

யூஸ் எலிமென்டையும் கவனியுங்கள். ஒரு சின்னத்தை ஒருமுறை வரைந்து பல இடங்களில் யூஸ் மூலம் காட்டியிருந்தால், ஒவ்வொரு பிரதியின் உள்ளுறுப்பும் நிழல் மரத்தில், அதாவது பக்கத்தின் வழக்கமான எலிமென்ட் மரத்துக்கு வெளியே மறைவாக, இருக்கும். செலக்டரால் (எலிமென்டைத் தேடிப் பிடிக்க எழுதும் குறிப்பு) அவற்றைப் பிடிக்க முடியாது. யூஸ் எலிமென்டையே பிடித்துக் கிளிக் செய்யுங்கள்.

படி 2: எலிமென்டைச் சரியாகப் பிடியுங்கள்

எலிமென்டுகளைத் தேடும் மொழியான எக்ஸ்பாத்தில் எஸ்விஜி என்று டேக் பெயரை நேரடியாக எழுதினால் எதுவும் கிடைக்காது. இதில் தலையை உடைத்துக்கொள்ளாத டெஸ்டர் குறைவு. எஸ்விஜி எலிமென்டுகள் தனி நேம்ஸ்பேஸில் (பெயர்த் தொகுதி) இருக்கின்றன. எச்டிஎம்எல் ஆவணத்தில் முன்னொட்டு இல்லாத எக்ஸ்பாத் பெயர் எச்டிஎம்எல் எலிமென்டுகளோடு மட்டுமே பொருந்தும். நட்சத்திரக் குறி போட்டு, சதுர அடைப்புக்குள் லோக்கல்-நேம் ஃபங்ஷனின் மதிப்பு பாத் அல்லது சர்க்கிள் என்று ஒப்பிட்டால் கிடைக்கும். அதைவிட, சிஎஸ்எஸ் செலக்டருக்கு மாறிவிடுவது மேல். அதற்கு இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது பாத், ஐந்தாவது சர்க்கிள் என்று வரிசை எண்ணால் பிடிக்காதீர்கள். எஸ்விஜியில் பின்னால் எழுதப்பட்டது மேலே தெரியும், அடுக்கு வரிசையை ஆவண வரிசைதான் தீர்மானிக்கிறது. தேர்ந்தெடுத்த மாநிலத்தின் கரை முழுதாகத் தெரியட்டும் என்று அந்தப் பாத்தை எடுத்துக் கடைசியில் வைப்பது டி3 (வரைபடம் வரைய உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) எழுதுபவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலை. அந்த நொடியே உங்கள் எண்கள் எல்லாம் இடம் மாறிவிடும். ஒவ்வொரு வடிவத்துக்கும் டேட்டா-டெஸ்ட்ஐடி (டெஸ்டுக்கென்றே வைக்கும் பெயர்) ஒன்று கேட்டு வாங்குங்கள். வடிவத்தின் வகையையும் பெயரையும் சொல்லும் ரோல், ஏரியா-லேபல் இரண்டும் இருந்தால் இன்னும் நல்லது. திரைபடிப்பானை நம்பியிருப்பவருக்கும் அதே பெயர் போய்ச்சேரும்.

படி 3: எந்த இடம் கிளிக்கை வாங்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

எஸ்விஜியில் இதைத் தீர்மானிப்பது பாயின்டர்-ஈவென்ட்ஸ் என்ற பண்பு. அதன் இயல்பு நிலை விசிபிள்-பெயின்டட். வடிவம் கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருக்க வேண்டும், வண்ணம் பூசப்பட்ட இடம்தான் கிளிக்கை வாங்கும். ஃபில் நன் என்று இருந்தால் உட்பகுதி வெறும் ஓட்டை, கிளிக் பின்னால் இருப்பதற்குப் போய்விடும். கோட்டின் மேல் விழுந்தால் மட்டுமே வடிவத்துக்குச் சேரும். ஆனால் ஃபில் டிரான்ஸ்பரன்ட் என்று இருந்தால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டாலும், பூசப்பட்டதாகவே கணக்கு, கிளிக் விழும். ஒபாசிட்டி பூஜ்யமாக இருந்தாலும் விழும். விசிபிலிட்டி ஹிட்டன் என்றால் விழாது. இந்த வேறுபாட்டை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வைத்துக்கொள்ளலாம், அவ்வளவு அடிக்கடி தேவைப்படும்.

ஜி எனும் குழு எலிமென்டுக்கு என்று சொந்தமாக எந்தப் பரப்பும் கிடையாது. அதன் செவ்வகம் பிள்ளைகள் எல்லோரையும் சேர்த்த செவ்வகம். இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் நடுப்புள்ளி அந்த இடைவெளியில் விழும். ஆகவே குழுவைக் கிளிக் செய்யச் சொல்வதைவிட உள்ளே இருக்கும் ஏதாவதொரு வடிவத்தைச் சொல்லுங்கள். குழுவில் மாட்டியிருக்கும் ஹேண்ட்லருக்கு (கிளிக் வந்ததும் ஓடும் நிரல்) ஈவென்ட் மேலேறி வந்து சேரும்.

அப்புறம் டூல்டிப். மவுஸ் வடிவத்தின் மேல் வந்ததும் ஒரு சிறு பெட்டி தோன்றி, மவுஸுக்கு நேர் கீழேயே நின்றுவிடும். கிளிக் அந்தப் பெட்டிக்குப் போகும். டெஸ்ட் சில நேரம் தேறும், சில நேரம் தோற்கும். டூல்டிப்புக்கு பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் கொடுக்கச் சொல்லுங்கள். பயனர்களும் அதே தொல்லையைப் பட்டுக்கொண்டிருப்பார்கள்.

படி 4: கிளிக் செய்யும் புள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்கள்

இதுதான் வேலையின் மையம். வடிவத்தின் வகையைப் பொறுத்து மூன்று வழிகள்.

முதலில் வளைய வரைபடம். வெளி ஆரம் 100, உள் ஆரம் 60 என்று வையுங்கள். மேலிருந்து வலப்பக்கமாகச் செல்லும் 25 சதவீதத் துண்டின் செவ்வகம் 100-க்கு 100. அதன் நடு, மையத்திலிருந்து இரு பக்கமும் 50 தள்ளி, அதாவது மையத்திலிருந்து 70.7 தூரத்தில் இருக்கும். 60-க்கும் 100-க்கும் இடைப்பட்டது, கிளிக் சரியாக விழும். இப்போது தரவு மாறித் துண்டு 50 சதவீதம் ஆகிறது. செவ்வகம் 200-க்கு 100 ஆகும், நடு மையத்திலிருந்து 50 தூரத்துக்கு வந்துவிடும். உள் ஆரம் 60 என்பதால் அது ஓட்டைக்குள். 75 சதவீதமானால் நடு வளையத்தின் மையத்திலேயே போய் உட்கார்ந்துவிடும், அங்கே மொத்தத் தொகையை எழுதிய எழுத்து இருக்கும். நிரலில் ஒரு வரிகூட மாறாமல், தரவு மாறியதால் மட்டும் டெஸ்ட் உடைவதற்குக் காரணம் இதுதான். வளையத்துக்குச் சரியான புள்ளி, துண்டின் நடுக்கோணமும் இரு ஆரங்களின் சராசரியும் சேரும் இடம். டி3-யின் ஆர்க் இதை சென்ட்ராய்டு என்ற பெயரில் தானே தருகிறது.

இரண்டாவது, கோடுகள். வளைந்த வரைகோட்டின் செவ்வக நடு கோட்டின் மேல் இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. கிடைக்கோடு இன்னொரு வகைச் சிக்கல். அதன் வடிவியல் செவ்வகத்தின் உயரம் பூஜ்யம், கோட்டின் தடிப்பு அதில் சேராது. பரப்பில்லாத எலிமென்டை பிளேரைட் தெரியாத எலிமென்டாகக் கருதுவதால், கண்ணெதிரே இருக்கும் கோட்டை இல்லை என்று சொல்லக்கூடும்.

கோடுகளுக்கு வழி இது. கெட்-டோட்டல்-லெங்த் கோட்டின் முழு நீளத்தைத் தரும். அதில் பாதியை கெட்-பாயிண்ட்-அட்-லெங்த்துக்குக் கொடுத்தால் நட்ட நடுவில் கோட்டின் மேலேயே ஒரு புள்ளி கிடைக்கும். அது படத்தின் உள் அளவைகளில் இருக்கிறது. வியூபாக்ஸ் (படத்தின் உள் அளவைச் சட்டகம்), டிரான்ஸ்ஃபார்ம் (நகர்த்தல், சுழற்றல் போன்றவை), ஜூம் எல்லாம் சேர்ந்து அதைத் திரையில் வேறெங்கோ கொண்டுபோயிருக்கும். கெட்-ஸ்கிரீன்-சிடிஎம் தரும் மேட்ரிக்ஸால் புள்ளியை மாற்றினால் பிரவுசர் சாளரத்தின் அளவைக்கு வரும். இந்த மாற்றத்தை விட்டுவிட்டால், வியூபாக்ஸும் திரை அளவும் தற்செயலாக ஒன்றாக இருக்கும் உங்கள் கணினியில் டெஸ்ட் தேறும், சிறிய திரையில் தோற்கும்.

மூன்றாவது, வரைபடம் போன்ற ஒழுங்கற்ற வடிவங்கள். இங்கே தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். நான் பிரவுசருக்குள் ஓடவிடும் தேடலை வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்க்ரோல்-இன்டு-வியூ செய்து வடிவத்தைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். கெட்-பவுண்டிங்-கிளையன்ட்-ரெக்ட் மூலம் செவ்வகத்தை எடுங்கள். செவ்வகத்துக்குள் 2 பிக்சலுக்கு ஒன்று என்ற கணக்கில் கட்டம் கட்டமாகப் புள்ளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளியையும் ஸ்கிரீன்-சிடிஎம் மேட்ரிக்ஸின் தலைகீழால் படத்தின் உள் அளவைக்கு மாற்றி, இஸ்-பாயிண்ட்-இன்-ஃபில்லிடம் கேளுங்கள். வடிவத்துக்குள் இல்லாதவை அங்கேயே கழிந்துவிடும். மிஞ்சியவற்றை எலிமென்ட்-ஃப்ரம்-பாயிண்ட்டிடம் கேளுங்கள். இரண்டு கேள்வியும் ஒன்று போலத் தோன்றும், ஆனால் வேறு வேறு. முதலாவது புள்ளி வடிவத்துக்குள் இருக்கிறதா என்ற வடிவியல் கேள்வி. இரண்டாவது, இந்த இடத்தில் பயனர் கிளிக் செய்தால் யாருக்குப் போகும் என்ற கேள்வி. மேலே வேறு ஏதாவது மூடியிருந்தால் இரண்டாவதுதான் காட்டிக்கொடுக்கும். வரும் விடை நம் எலிமென்டாகவோ அதன் உள்ளே இருக்கும் எலிமென்டாகவோ இருக்க வேண்டும். ஷேடோ டாமுக்குள் (பக்கத்திலிருந்து பிரித்து வைத்த எலிமென்ட் மரம்) படம் இருந்தால், ஆவணத்திடம் கேட்காமல் அந்த எலிமென்டின் ரூட்-நோடிடம் கேளுங்கள்.

தேறிய புள்ளிகளில் எது வேண்டுமானாலும் எடுத்துவிடலாமா? கூடாது. ஓரத்துப் புள்ளி அரை பிக்சல் நகர்ந்தாலும் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும். ஒவ்வொரு பிரவுசரும் எழுத்தையும் ஓரத்தையும் சிறிது வேறுவிதமாக வரையும், அதுவே போதும் டெஸ்ட் தடுமாற. எனவே எந்தப் புள்ளிக்கு மிக அருகில் இருக்கும் தேறாத புள்ளி மற்ற எல்லாவற்றையும்விடத் தொலைவில் இருக்கிறதோ, அதை எடுங்கள். அதாவது வடிவத்தின் மிக ஆழமான உள்புள்ளி. வரைபடத்தில் ஊர்ப் பெயரை எங்கே எழுதுவது என்று தேடுபவர்களுக்கும் இதே புள்ளிதான் வேண்டும். மேப்பாக்ஸ் 2016-ல் வெளியிட்ட பாலிலேபல் என்ற சிறு நூலகம் இதையே செய்கிறது. உங்களிடம் மூல வரைபடத் தரவு இருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் அது மேலே மூடியிருப்பது எதையும் அறியாது, எலிமென்ட்-ஃப்ரம்-பாயிண்ட் சோதனை அதற்குப் பிறகும் வேண்டும்.

ஏன் 2 பிக்சல் என்று கேட்கலாம். நான் முதலில் செவ்வகத்தை 20-க்கு 20 என்று பிரித்திருந்தேன். தமிழ்நாடு, ராஜஸ்தான் எல்லாம் கிடைத்தன, புதுச்சேரி கிடைக்கவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தியா மேற்கிலிருந்து கிழக்குக்கு ஏறத்தாழ 29 பாகை. 800 பிக்சல் அகலப் படத்தில் ஒரு பாகைக்கு 27 பிக்சல்தான் வருகிறது. புதுச்சேரியின் செவ்வகம் சுமார் 180 பிக்சல் அகலம், அதை 20-ஆகப் பிரித்தால் புள்ளிக்குப் புள்ளி 9 பிக்சல். காரைக்கால் துண்டோ 3 பிக்சல் அகலம்தான் இருக்கும். வலையின் கண் மீனைவிடப் பெரிது.

மாஹே அதற்கும் கீழே. அதன் பரப்பு ஏறத்தாழ 9 சதுர கிலோமீட்டர். ஒரு பக்கம் 3 கிலோமீட்டர் என்று வைத்தால், அந்தப் படத்தில் ஒரு பிக்சல்கூடத் தேறாது. 2 பிக்சல் தேடலிலும் அது அகப்படாது. சரி, டெஸ்டுக்கு மட்டும் அரை பிக்சல் தேடல் எழுதி ஏதாவதொரு புள்ளியைப் பிடித்துவிடலாம்தான். நானும் அதைத்தான் செய்யப் போனேன். அப்புறம் யோசித்தேன். கை நடுங்கும் முதியவர் ஒருவர் மவுஸை வைத்துக்கொண்டு 3 பிக்சல் துண்டை எப்படிப் பிடிப்பார்? நமக்கு எழுதிய பயனர் சொன்னதும் அதையே இல்லையா?

எல்லோராலும் பயன்படுத்த முடியும்படி தளங்களை அமைப்பதற்கான வழிகாட்டியாக 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2, கிளிக் செய்யும் இலக்கு குறைந்தது 24-க்கு 24 சிஎஸ்எஸ் பிக்சல் இருக்க வேண்டும் என்று இரட்டை ஏ என்ற நடு நிலையில் கேட்கிறது. சில விதிவிலக்குகள் உண்டு, ஆனால் அளவுகோலாக அது போதும். நாங்கள் செய்த திருத்தம் எளியது. புதுச்சேரியின் பாத்தையும், ஃபில் டிரான்ஸ்பரன்ட் கொடுத்த 24 பிக்சல் விட்டமுள்ள ஒரு வட்டத்தையும் ஒரே ஜி குழுவில் வைத்து, ஹேண்ட்லரைக் குழுவுக்கு மாற்றினோம். கண்ணுக்கு ஒன்றும் மாறவில்லை, கைக்கு எளிதானது. டெஸ்ட் அந்த வட்டத்தின் நடுவைக் கிளிக் செய்கிறது, எந்தத் தேடலும் வேண்டியதில்லை. மெல்லிய வரைகோடுகளுக்கும் இதே வைத்தியம்: அதே பாத்தை இன்னொரு முறை, தடித்த டிரான்ஸ்பரன்ட் ஸ்ட்ரோக்கோடு மேலே வரைந்து, பாயின்டர்-ஈவென்ட்ஸ் ஸ்ட்ரோக் என்று கொடுத்துவிடுங்கள்.

ஆகவே தேடலில் ஒரு புள்ளியும் கிடைக்காதபோது டெஸ்ட் தெளிவான செய்தியோடு தோற்கட்டும். இந்த வடிவத்தில் கிளிக் செய்ய இடமே இல்லை என்று எழுதுங்கள். அது நேராக டெவலப்பரின் பட்டியலுக்குப் போக வேண்டிய செய்தி.

படி 5: உண்மையான மவுஸால் கிளிக் செய்யுங்கள்

ஸ்கிரிப்ட்டிலிருந்து எலிமென்டின் கிளிக் மெத்தடை அழைத்தால், அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று பிழை வரும். அந்த மெத்தட் எச்டிஎம்எல் எலிமென்டுகளுக்கு மட்டும் உரியது, எஸ்விஜி எலிமென்டுகளுக்குக் கிடையாது. பலர் இந்த இடத்தில் டிஸ்பேச்-ஈவென்ட் மூலம் கிளிக் ஈவென்டை நேராக எலிமென்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஹேண்ட்லர் ஓடும், டெஸ்ட் தேறும். ஆனால் அந்த ஈவென்டுக்கு இடம் என்பதே இல்லை. மேலே எது மூடியிருந்தாலும், வடிவம் ஒரு பிக்சலே இருந்தாலும், அது போய்ச்சேரும். ஹேண்ட்லரின் தர்க்கத்தைச் சோதிக்க அது சரி. பயனரால் கிளிக் செய்ய முடிகிறதா என்பதற்கு அது விடை சொல்லாது.

உண்மையான கிளிக்கில் பாயின்டர்-டவுன், மவுஸ்-டவுன், பாயின்டர்-அப், மவுஸ்-அப், கிளிக் என்று ஒரு வரிசை உண்டு. மவுஸ்-டவுனிலேயே வேலையைத் தொடங்கும் நிரல், தனியாக அனுப்பிய கிளிக்குக்கு அசையாது. டி3-யின் டிராக், ஜூம் இரண்டும் அப்படித்தான். செயற்கையாக மவுஸ்-டவுன் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், வியூ என்ற பண்புக்கு விண்டோவைக் கொடுக்க மறக்காதீர்கள். டி3 அதன் வழியாகத்தான் ஆவணத்தைத் தேடும், அது வெறுமையாக இருந்தால் புரியாத பிழை ஒன்றைத் தரும்.

பிளேரைட்டில் நான் பரிந்துரைப்பது, லொகேட்டரின் கிளிக்கோடு பொசிஷன் ஆப்ஷன். படி 4-ல் கிடைத்த புள்ளியிலிருந்து செவ்வகத்தின் இடது மேல் மூலையைக் கழித்துக் கொடுங்கள். மவுஸை நேரடியாக அந்தப் புள்ளிக்கு அனுப்பும் வழியும் உண்டு. ஆனால் பொசிஷன் வழியில் பிளேரைட்டின் சரிபார்ப்புகள் அப்படியே நீடிக்கும், ஸ்க்ரோலும் ஐஃப்ரேமின் இடப்பெயர்ச்சியும் தானாகக் கணக்கில் வரும்.

செலினியத்தில் ஆக்ஷன்ஸ் வழியாக மூவ்-டு-எலிமென்ட்டுக்கு இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும். செலினியம் 3-ல் அவை பெரும்பாலும் இடது மேல் மூலையிலிருந்து, செலினியம் 4-ன் இப்போதைய பதிப்புகளில் நடுவிலிருந்து. பழைய டெஸ்டைப் புதிய பதிப்புக்கு மாற்றும்போது கிளிக்குகள் எல்லாம் ஒரே திசையில் தள்ளிப்போனால் காரணம் இதுதான். ஆக்ஷன்ஸ் இடைமறிப்பைச் சரிபார்க்காது. எனவே கிளிக்குக்குச் சற்று முன் எலிமென்ட்-ஃப்ரம்-பாயிண்ட் சோதனையை நீங்களே செய்ய வேண்டும். ஜாவாவில் அந்த எண்கள் முழு எண்கள் மட்டுமே, ஆக மிகச் சிறிய வடிவங்களில் முழு எண்ணாக்கிய பிறகு ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள்.

சைப்ரஸில் கிளிக்குக்கு இரண்டு எண்கள் கொடுக்கலாம், மூலையிலிருந்து. சைப்ரஸ் ஈவென்டுகளைப் பக்கத்துக்குள்ளிருந்தே ஸ்கிரிப்ட்டால் உருவாக்குகிறது. சிஎஸ்எஸ்ஸின் ஹோவர் நிலை அதனால் தூண்டப்படாது. ஹோவரில் தோன்றும் டூல்டிப் கிளிக்கை மறிக்கும் பிழையை அது பிடிக்காமல் விட வாய்ப்பு உண்டு.

ஜெஸ்ட் என்ற டெஸ்ட் கருவியோடு ஜேஎஸ்டாம் (பிரவுசர் இல்லாமல் பக்கத்தைப் போலி செய்யும் நூலகம்) வைத்து யூனிட் டெஸ்ட் எழுதுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் கூட்டணியில் பக்கம் வரையப்படுவதே இல்லை. செவ்வகங்கள் எல்லாம் பூஜ்யமாக வரும். இந்த வழிகாட்டியில் சொன்ன எந்தப் புள்ளிக் கணக்கும் அங்கே நடக்காது, உண்மையான பிரவுசர் வேண்டும்.

படி 6: அசைவு அடங்கட்டும்

வரைபடங்கள் தோன்றும்போது அசையும். டி3-யின் டிரான்சிஷன் இயல்பாக 250 மில்லிவிநாடி. பிளேரைட் அடுத்தடுத்த இரண்டு ஃப்ரேம்களில் செவ்வகம் மாறவில்லை என்றால் அசைவு நின்றதாக எடுத்துக்கொள்ளும். ஆனால் செவ்வகம் மாறாமல் உள்வடிவம் மட்டும் மாறலாம். வளையத் துண்டு 75 சதவீதத்திலிருந்து 90-க்கு நகரும்போது செவ்வகம் 200-க்கு 200 ஆகவே இருக்கும். அதனால் பாத்தின் டி பண்பை (வடிவத்தின் கோட்டை விவரிக்கும் மதிப்பு) இரண்டு முறை படித்து, ஒன்றாக இருந்தால் மட்டும் மேலே போங்கள். அசைவுகளையே நிறுத்திவிட முடிந்தால் அது இன்னும் நல்லது. குறைந்த அசைவு வேண்டும் என்ற பயனர் விருப்பத்தை பிளேரைட்டில் போலியாகக் கொடுக்க முடியும், தளம் அதை மதித்து எழுதப்பட்டிருந்தால் வேலை முடிந்தது. புள்ளியைக் கண்டுபிடித்த கையோடு கிளிக் செய்துவிடுங்கள், நடுவில் வேறு காத்திருப்பு வேண்டாம்.

படி 7: சரியானது திறந்ததா என்று கேளுங்கள்

எங்கள் டெஸ்ட் பல மாதம் ஏமாந்ததற்கு ஃபோர்ஸ் பாதிக் காரணம், இது மறுபாதி. பலகை திறந்ததா என்று கேட்காதீர்கள், பலகையின் தலைப்பு புதுச்சேரியா என்று கேளுங்கள். அடுத்த வடிவத்துக்குப் போகும் முன் பலகையை மூடுங்கள், இல்லையேல் முந்தைய விடை இந்த முறைக்கும் விடையாகிவிடும். கிளாஸ் பெயரைச் சோதிப்பதாக இருந்தால், கிளாஸ்-நேம் என்று ஸ்கிரிப்ட்டில் படிக்க வேண்டாம். எஸ்விஜியில் அது எழுத்துச் சரமாக வராது, வேறொரு பொருளாக வரும். கிளாஸ்-லிஸ்ட்டையோ பண்பின் மதிப்பையோ படியுங்கள்.

எதிர்மறைச் சோதனைகளும் வேண்டும். கடலில் கிளிக் செய்தால் பலகை மூட வேண்டுமா, அப்படியே நிற்க வேண்டுமா என்று கேட்டு, அதற்கொரு டெஸ்ட் எழுதுங்கள். வரைபடத்தைப் பிடித்து இழுத்து விட்டால் அது கிளிக்காகக் கணக்காகக் கூடாது. அதையும் மவுஸ்-டவுன், நகர்த்தல், மவுஸ்-அப் என்று தனித்தனியாக ஓட்டிப் பாருங்கள். குரோமியம், ஃபயர்பாக்ஸ், வெப்கிட் மூன்றிலும் ஓட்டுங்கள். இரண்டு மூன்று திரை அகலங்களிலும் ஓட்டுங்கள், குறிப்பாகக் கைபேசி அகலத்தில். 800 பிக்சலில் 3 பிக்சலாக இருந்த காரைக்கால் 360-ல் என்ன ஆகும் என்று நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

படி 8: தோற்றால் இடத்தைக் காட்டுங்கள்

டெஸ்ட் தோற்கும்போது எண்களை மட்டும் லாகில் எழுதினால் யாருக்கும் புரியாது. கிளிக் செய்த புள்ளியில் ஒரு சிவப்பு வட்டத்தைப் பக்கத்தின் மேல் வைத்து, அப்புறம் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வட்டத்துக்கு பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன் கொடுத்திருக்க வேண்டும், இல்லையேல் மறுமுயற்சியின்போது கிளிக்கை அதுவே வாங்கிக்கொள்ளும். படத்தின் கீழே, எந்த எலிமென்டைக் கேட்டோம், எலிமென்ட்-ஃப்ரம்-பாயிண்ட் எதைச் சொன்னது என்று இரண்டு வரி. இதை முதல் நாளே செய்து வைத்திருந்தால், ராயசோட்டிப் பக்கம் நின்ற சிவப்புப் புள்ளியைப் பார்த்த எவரும் புதுச்சேரிக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பார்கள்.